எதிரே யானைப்படை நிற்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

போர்யானை என்றதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: அவ்வளவு பெரிய மிருகத்தை அந்தக் காலத்தில் எப்படிக் கொன்றார்கள்? கேள்வியே கொஞ்சம் கோணல். யானைகளைக் கொன்று வென்ற போர்கள் குறைவு, திருப்பிவிட்டு வென்ற போர்கள்தான் அதிகம். எந்த ராஜா ஜெயிக்கிறார் என்பதில் யானைக்கு அக்கறை கிடையாது. வலித்தால் ஓடும், மிரண்டால் ஓடும். அது எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று யார் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறாரோ, அன்றைக்கு யானை அவருடைய ஆயுதம். கீழே வரும் தீர்வுகள் எல்லாமே இதைச் சுற்றித்தான் வருகின்றன.

உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். முதல் தலைப்பை மட்டும் தாண்டாதீர்கள். அது களத்துக்கு வருமுன் செய்ய வேண்டிய வேலை.

அறிகுறி: குதிரைகள் முன்னே போக மறுக்கின்றன

குதிரை காதைப் பின்னுக்கு மடிக்கும், பக்கவாட்டில் நழுவும், அப்புறம் ஒரே சுற்றாகத் திரும்பி வந்த வழியே ஓடும். மேலே இருப்பவர் எவ்வளவு உதைத்தாலும் பலனில்லை. யானையோடு பழகாத குதிரை அதன் வாடையையும் பிளிறலையும் தாங்காது, அவ்வளவுதான்.

இதைச் சாதாரணமாக நினைத்தவர்கள் பெரிய விலை கொடுத்தார்கள். கி.மு. 280-இல் ஹெராக்ளியா போரில் கிரேக்க அரசன் பைரஸ் ரோமர்களுக்கு எதிராகக் கொண்டுவந்தது வெறும் 20 யானைகள். ரோமர்கள் அதுவரை யானையையே பார்த்ததில்லை. தென் இத்தாலியின் லூக்கேனியா பகுதியில் முதலில் கண்டதால் அதற்கு 'லூக்கேனிய மாடு' என்று பெயர் வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய குதிரைப்படை சிதறியது, போர் கைவிட்டுப் போனது. கி.மு. 301-இல், அலெக்சாந்தர் இறந்தபின் அவருடைய தளபதிகள் தங்களுக்குள் மோதிய இப்சஸ் போரில், கதை இன்னும் மோசம். டெமெட்ரியஸ் எதிரியின் குதிரைப்படையைத் துரத்திக்கொண்டு வெகுதூரம் போய்விட்டார். திரும்பி வருவதற்குள் எதிர்த்தரப்பின் செலூக்கஸ் தன் யானைகளைக் குறுக்கே சுவராக நிறுத்திவிட்டார். டெமெட்ரியஸின் குதிரைகள் அந்தச் சுவரைத் தாண்டவில்லை. அந்தப் பக்கம் அவருடைய தந்தை ஆன்டிகோனஸ், மகன் வந்துவிடுவான் என்று காத்திருந்தபடியே வேல்பட்டு இறந்தார்.

உடனடித் தீர்வு: குதிரையை யானைப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். கி.மு. 326-இல் ஜீலம் ஆற்றங்கரையில் அலெக்சாந்தர் செய்தது இதைத்தான். எதிர்க்கரையில் போரஸின் யானைகள் நின்றன. தெப்பத்தில் வரும் குதிரைகள் அவற்றைக் கண்டதும் ஆற்றில் குதித்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டார். அதனால் இரவுக்கு இரவு கரையோரமாகக் குதிரைப்படையை அங்கும் இங்கும் ஓட்டிக் கூச்சல் போட வைத்தார். சத்தம் கேட்ட பக்கமெல்லாம் யானைகளை இழுத்துக்கொண்டு அலைந்த போரஸ் ஒரு கட்டத்தில் சலித்துப்போய் விட்டுவிட்டார். அப்புறம்தான் ஓர் இடிமழை இரவில், பாசறையிலிருந்து 25 கிலோமீட்டருக்கும் மேலே தள்ளி, ஆற்றைக் கடந்தார். போர் தொடங்கியபோதும் குதிரைகளை எதிரியின் குதிரைகள் மீதே ஏவினார். யானைகளைக் காலாட்படையிடம் விட்டார்.

நிரந்தரத் தீர்வு: பழக்குங்கள். இதில் ஜூலியஸ் சீசரை மிஞ்ச ஆளில்லை. கி.மு. 46-இல் ஆப்பிரிக்காவில் அவருக்கு எதிரே அவருடைய ரோமப் போட்டியாளர் பாம்பேயின் கட்சிக்காரர்களும் வட ஆப்பிரிக்காவின் நுமீடிய அரசன் ஜூபாவும், 60-க்கு மேற்பட்ட யானைகளும் இருந்தன. சீசர் இத்தாலியிலிருந்து சில யானைகளை வரவழைத்தார், சண்டைக்காக அல்ல, பாடம் நடத்த. வீரர்கள் அருகில் போய்த் தொட்டுப் பார்த்தார்கள். கவசம் போட்ட யானையின் உடம்பில் எந்த இடம் மூடாமல் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தார்கள். குதிரை வீரர்கள் முனை மழுங்கிய எறிவேல்களை அதன் மீது வீசிப் பழகினார்கள். குதிரைகள் வாடைக்கும் சத்தத்துக்கும் உருவத்துக்கும் பழகின. கிட்டத்தில் பார்த்தபின் வீரர்களுக்குத் தெரிந்தது, இந்த மிருகம் நினைத்ததைவிட மெதுவானது என்று.

கையில் யானையே இல்லையென்றால்? மாசிடோனியாவின் கடைசி அரசன் பெர்சியஸ் மரத்தில் யானை பொம்மை செய்து, உள்ளே ஓர் ஆளை உட்கார்த்தி எக்காளம் ஊத வைத்துக் குதிரைகளைப் பழக்கினார். நல்ல யோசனைதான். அவருக்கு அது எவ்வளவு உதவியது என்பதைக் கருவிகள் பகுதியில் சொல்கிறேன்.

அறிகுறி: யானைகள் வரிசையாக நேரே ஓடி வருகின்றன

முதலில் வரும் யோசனை, தோளோடு தோள் நெருக்கி, வரிசைக்குப் பின் வரிசையாக ஆழமாக நிற்பது. செய்யாதீர்கள். கி.மு. 255-இல் ரெகுலஸ் தலைமையில் ரோமர்கள் இதைத்தான் செய்தார்கள். ரோமின் எதிரியான வட ஆப்பிரிக்க நகரம் கார்த்தேஜின் பக்கம் கூலிக்கு வந்திருந்த ஸ்பார்ட்டா தளபதி சாந்திப்பஸ், கிட்டத்தட்ட 100 யானைகளை முன்னால் நிறுத்தியிருந்தார். நெருக்கி நின்ற கூட்டத்தில் முன்வரிசை மிதிபட்டது. சுற்றி வளைத்த குதிரைப்படை மீதியை முடித்தது. தப்பியவர்கள் சுமார் 2,000 பேர், ரெகுலஸ் கைதி. அதற்கப்புறம் இரண்டு ஆண்டுகள் ரோமப் படைகள் யானை நிற்கும் சமதளத்துக்கு இறங்கவே மறுத்து, மேட்டு நிலத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தன.

சரியான வழி இதற்கு நேர் எதிர்: வழி விடுங்கள். நாலு டன் எடை ஓடி வரும்போது அதை நிறுத்த வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை, அது தாண்டிப் போனால் போதும்.

கி.மு. 202, ஜாமா. கார்த்தேஜின் தளபதி ஹானிபலிடம் 80-க்கு மேல் யானைகள். ரோமப் படை வழக்கமாகச் சதுரங்கக் கட்டம் மாதிரி நிற்கும், முன்வரிசையின் இடைவெளிக்குப் பின்னால் அடுத்த வரிசையின் அணி. ரோமத் தளபதி சிபியோ அன்றைக்கு அதை மாற்றினார். அணிக்குப் பின்னால் அணி, நேர்கோட்டில். அதனால் படையின் முன்னாலிருந்து பின்னால் வரை நேரான சந்துகள் உண்டாயின. ஆனால் எதிரிக்கு அது தெரியவில்லை. சந்துகளின் வாயில் எறிவேல்காரர்களை நிறுத்தி மூடியிருந்தார். அவர்களுக்குக் கொடுத்த உத்தரவு தெளிவாக இருந்தது: சண்டையைத் தொடங்குங்கள். யானை தள்ளிக்கொண்டு வந்தால் சந்து வழியே நேரே பின்னால் ஓடுங்கள், முடியாவிட்டால் வலது, இடது பக்கம் வரிசைகளுக்கு நடுவே ஒதுங்குங்கள்.

தொடங்கியதும் ரோமர்கள் கொம்பும் எக்காளமும் ஒரே நேரத்தில் ஊதினார்கள். சில யானைகள் அங்கேயே மிரண்டு திரும்பி, ஹானிபலின் சொந்த நுமீடியக் குதிரைப்படைக்குள் புகுந்தன. அந்தக் குழப்பத்தைப் பார்த்த, ரோமர் பக்கம் நின்ற நுமீடியத் தலைவன் மாசினிஸா அந்தப் பக்கத்தை அப்படியே அடித்துத் துரத்தினார். மற்றவை எறிவேல்காரர்களை மிதித்துச் சேதம் செய்தன, அதை மறைக்க வேண்டாம். ஆனால் இரண்டு பக்கமும் வேல் பாய, எதிரே திறந்த வழி தெரிய, அவை சந்துகளில் புகுந்து படைக்குப் பின்னால் போய்விட்டன. இன்னும் சில பக்கவாட்டில் ஓடின.

என் கருத்தில் இதில் கடினமான பகுதி சந்து இல்லை, அதன் வாயில் நின்ற ஆட்கள். யானை எட்டும் தூரம் வரை நின்று, எறிந்து, சரியான நொடியில் விலக வேண்டும். முன்கூட்டி விலகினால் சந்து தெரிந்துவிடும், பிந்தினால் ஆள் இல்லை. பயிற்சி இல்லாத படையோடு இதைச் செய்து பார்க்காதீர்கள்.

அறிகுறி: எவ்வளவு எறிந்தும் யானை நிற்கவில்லை

இடம் தவறு. மத்தகத்திலும் விலாவிலும் எறிந்த வேல் அதற்குக் கோபத்தைத்தான் கூட்டும். கீழே உள்ள வரிசையில் முயலுங்கள்.

பாகன் முதலில். யானை கழுத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒளிய இடமில்லை, இரண்டு காலும் காதுக்குப் பின்னால் மாட்டியிருக்கும். ஜீலம் போரிலும் அலெக்சாந்தரின் வில்லாளர்களும் எறிவேல்காரர்களும் முதலில் குறிவைத்தது அவர்களைத்தான். பாகன் விழுந்ததும் அங்குசமும் இல்லை, பேச்சும் இல்லை. அப்புறம் அந்த யானை யாருக்கும் சொந்தமில்லை.

அடுத்து மென்மையான இடங்கள். கி.மு. 218-இல் டிரெபியா ஆற்றங்கரையில் ரோம எறிவேல்காரர்கள் ஹானிபலின் யானைகளைத் திருப்பிவிட்டு, வாலுக்கு அடியில், தோல் மெலிந்த இடத்தில் குத்தினார்கள். அசிங்கமான வேலை, ஆனால் பலன் தந்தது. உள்ளங்கால் இன்னொரு இடம். பார்க்கத் தூண் மாதிரி இருந்தாலும் அடிப்பாகம் மெத்தைதான். ஆணி இறங்கினால் நடக்காது.

துதிக்கை கடைசி. கைக்கு எட்டும் தூரம் என்றால் அதன் கைக்கு நீங்களும் எட்டும் தூரம். மேலே சொன்ன கி.மு. 46 ஆப்பிரிக்கச் சண்டையில், தாப்சஸ் போரில், சீசரின் ஐந்தாம் படையணியைச் சேர்ந்த ஒரு பழைய வீரர் கதை இருக்கிறது. காயம்பட்டு வெறிபிடித்த யானை ஒன்று ஆயுதமில்லாத எடுபிடி ஆள் ஒருவரைக் காலால் அழுத்தி, முழங்காலை மேலே வைத்து நசுக்கிக்கொண்டிருந்தது. பார்க்கப் பொறுக்காமல் இவர் வாளோடு எதிரே போனார். யானை பிணத்தை விட்டுவிட்டு இவரைத் துதிக்கையால் சுற்றி மேலே தூக்கியது. அந்தரத்தில் தொங்கியபடி, தன்னைச் சுற்றியிருந்த துதிக்கையையே இவர் மாற்றி மாற்றி வெட்டினார். வலி தாங்காமல் அது அவரைக் கீழே போட்டுவிட்டுப் பிளிறிக்கொண்டே தன் கூட்டத்தைப் பார்த்து ஓடியது. அந்தப் படையணி அப்புறம் யானையையே தன் சின்னமாக வைத்துக்கொண்டது.

எச்சரிக்கை: அடிவயிற்றுக்குக் கீழே போகாதீர்கள். கி.மு. 162-இல் பெத் சகரியாவில் யூத வீரர் எலெயாசர் அப்படித்தான் அடியில் புகுந்து குத்தினார். யானை செத்தது, அவர் மேலேயே விழுந்தது. கி.பி. 634-இல் பாலப் போரில் பாரசீகரின் வெள்ளை யானையை நேருக்கு நேர் எதிர்த்த அரபுத் தளபதி அபூ உபைது மிதிபட்டு இறந்தார், அவருடைய படையும் சிதறியது. ஓரிரு ஆண்டுகளில் காதிசிய்யா போரில் அரபுகள் முறையை மாற்றினார்கள். பக்கத்தில் புகுந்து அம்பாரியின் வார்களை அறுத்து, மேலே இருந்தவர்களைக் கவிழ்த்தார்கள். பிறகு நீண்ட ஈட்டியால் கண்களைக் குத்தினார்கள். குருடான யானைகள் பாரசீக வரிசையைக் கிழித்துக்கொண்டு பின்னால் ஓடின.

அறிகுறி: யானைகள் மதிலை நோக்கி வருகின்றன

உங்களுக்கு அதிர்ஷ்டம். யானையால் குதிக்க முடியாது. சுமாரான ஓர் அகழி அதை நிறுத்திவிடும், நின்ற யானை எறிபவனுக்கு வசதி.

கி.மு. 250-இல் பனோர்மஸ், இன்றைய பலேர்மோ. ரோமத் தளபதி மெட்டல்லஸ் நகரை விட்டு வெளியே வராமல் பயந்தவர் மாதிரி இருந்தார். அகழிக்கு முன்னால் இலகுவான ஆயுதக்காரர்களை நிறுத்தி, யானை வந்தால் அகழிக்குள் இறங்கி அங்கிருந்தே எறியுங்கள் என்றார். நகரத்துத் தொழிலாளிகள் எறிவேல்களைச் சுமந்து வந்து மதிலடியில் குவித்துக்கொண்டே இருந்தார்கள். எறிகிறவன் கை ஓயலாம், வேல் தீரக்கூடாது. கார்த்தேஜின் பாகர்கள், வெற்றி தங்கள் பெயரில் இருக்கட்டும் என்று மற்ற படைக்குக் காத்திராமல் அகழி வரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மதில் மேலிருந்து அம்பு, அகழிக்குள்ளிருந்து வேல், போகவும் வழியில்லை. யானைகள் திரும்பின, பின்னால் வந்துகொண்டிருந்த சொந்தப் படை மீதே. மெட்டல்லஸ் அந்த நேரத்துக்காகவே வாசலுக்குள் காத்திருந்தார். வெளியே வந்து பக்கவாட்டில் அடித்தார்.

மதில் ஏற்கெனவே இடிந்துவிட்டதா? அப்போது மெகலோபோலிஸ் முறை. கி.மு. 318-இல் மாசிடோனியத் தளபதி பாலிபெர்க்கான் அந்தக் கிரேக்க ஊரின் மதிலை உடைத்து, அந்த வழியே யானைகளை அனுப்பத் தயாரானார். ஊருக்குள் டாமிஸ் என்பவர் இருந்தார். அலெக்சாந்தரோடு ஆசியா போனவர், யானையைத் தெரிந்தவர். பெரிய கதவுப் பலகைகளில் கூரான ஆணிகளை அறைந்து, ஆழமில்லாத பள்ளங்களில் ஆணிமுனை மேலே பார்க்கப் படுக்கவைத்து, மண்ணால் லேசாக மூடச் சொன்னார். பிறகு எதிரே ஒருவரையும் நிறுத்தவில்லை. பக்கவாட்டில் மட்டும் வில்லும் எறிபொறிகளும். காலியான வழியைப் பார்த்த பாகர்கள் தயங்காமல் ஓட்டினார்கள். மீதியை ஊகிக்கலாம்.

பன்றியைக் கொளுத்தி விடும் யோசனை பற்றிக் கேட்பீர்கள். மெகாரா நகரத்தார் பன்றிகள் மீது கீல் பூசித் தீ வைத்து மாசிடோனிய அரசன் ஆன்டிகோனஸ் கோனாட்டஸின் (இப்சஸில் இறந்தவர் வேறு) யானைகள் மேல் விரட்டினார்கள், யானைகள் ஓடின என்று பழைய எழுத்தாளர்கள் சொல்கிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். எரிகிற பன்றி உங்கள் பேச்சைக் கேட்டு ஓடாது, வைக்கோல் போருக்குள்ளும் ஓடலாம். தவிர, இது ஒருமுறைதான் வேலை செய்யும்: ஆன்டிகோனஸ் அதற்கப்புறம் தன் யானைகளோடு பன்றிகளையும் சேர்த்து வளர்க்கச் சொல்லிவிட்டாராம். கொளுத்தாமலேயே காரியம் ஆன கதையும் உண்டு. கி.பி. 544-இல் எடெஸ்ஸா முற்றுகையில் மதில் கோபுரத்திலிருந்து ஒரு பன்றியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். அது கத்திய கத்தலிலேயே பாரசீக யானை பின்வாங்கியது.

அறிகுறி: விசேஷக் கருவி செய்தோம், வேலை செய்யவில்லை

எதிர்பார்த்ததுதான். கி.மு. 279-இல் அஸ்குலம் போருக்கு ரோமர்கள் 300 வண்டிகள் செய்துகொண்டு போனார்கள். நிமிர்ந்த கம்பங்கள், அவற்றில் எந்தப் பக்கமும் திரும்பும் குறுக்குத் தடிகள், நுனியில் சூலமும் அரிவாளும், சிலவற்றில் கீல் தோய்த்த சணல் சுற்றிய தீக்கொக்கிகள். யானைகள் முதலில் நின்றதென்னவோ உண்மை. ஆனால் வண்டியை இழுத்தவை மாடுகள். பைரஸின் ஆட்கள் ஓடிவந்து மாடுகளின் குதிகால் நரம்பை வெட்டினார்கள். வண்டி நின்றுபோனது, மேலே இருந்தவர்கள் குதித்துத் தங்கள் படைக்குள்ளேயே ஓடிக் குழப்பினார்கள்.

பெர்சியஸுக்கும் இதே கதிதான். யானையை எதிர்ப்பதற்கென்றே ஒரு தனிப் பிரிவு வைத்திருந்தார். கி.மு. 168-இல் பிட்னாவில் ரோம யானைகள் வந்தபோது அந்தப் பிரிவின் பெயர் மட்டும்தான் பயங்கரமாக இருந்தது.

பலன் தந்த கருவி எளிமையானது. கி.மு. 312-இல் காஸாவில் தாலமியும் செலூக்கஸும், இருவரும் ஜீலம் ஆற்றங்கரையில் யானையைப் பார்த்தவர்கள், இரும்பு முள் பதித்த கட்டைகளைச் சங்கிலியால் இணைத்து ஆட்கள் தூக்கிப்போகும்படி செய்தார்கள். யானைகள் வரும் வழியில் போட்டுவிட வேண்டியதுதான். டெமெட்ரியஸின் 43 யானைகள் முள்ளில் கால் வைத்து நகர முடியாமல் நின்றன. பாகர்கள் அம்பு பட்டு விழுந்தார்கள், யானைகள் பிடிபட்டன. மாடு வேண்டாம், சக்கரம் வேண்டாம், முள் போதும்.

அறிகுறி: யானை மிரண்டுவிட்டது, ஆனால் நம் ஆட்களையும் மிதிக்கிறது

நீங்கள் அதற்குப் போக இடம் வைக்கவில்லை, அல்லது நெருங்கி நிற்கிறீர்கள். ஜீலம் போரில் போரஸின் யானைகள் குறுகிய இடத்தில் அடைபட்டு, இரு தரப்பையும் பாகுபாடில்லாமல் மிதித்தன. அதிகம் மிதிபட்டது போரஸின் ஆட்கள்தான். அவர்கள் யானைகளோடு ஒட்டி நின்றார்கள், மாசிடோனியர்களுக்குப் பின்னால் திறந்த வெளி இருந்தது. யானை பாய்ந்தால் விலகினார்கள், அது திரும்பினால் பின்தொடர்ந்து எறிந்தார்கள். பாய்வதும் திரும்புவதுமாகவே அவை களைத்துப்போயின. கடைசியில், முகத்தை எதிரி பக்கமே வைத்துக்கொண்டு பின்னோக்கித் துடுப்புப் போடும் கப்பல்கள் மாதிரி, பிளிறியபடி அடிமேல் அடி வைத்துப் பின்வாங்கின. அதுவரை பொறுத்திருந்த பிறகே அலெக்சாந்தர் கேடயங்களை ஒட்டவைத்து நெருங்கச் சொன்னார்.

அறிகுறி: நம்மிடமும் யானை இருக்கிறது, ஆனால் அது போகமாட்டேன் என்கிறது

எந்த ஊர் யானை என்று பாருங்கள். கி.மு. 217-இல் ராஃபியாவில் எகிப்தின் நாலாம் தாலமியின் 73 ஆப்பிரிக்க யானைகள், சிரியாவின் அரசன் ஆன்டியோக்கஸின் 102 இந்திய யானைகளின் வாடையும் சத்தமும் எட்டியதுமே பெரும்பாலும் திரும்பிவிட்டன. (போரில் தாலமிதான் ஜெயித்தார், யானையால் அல்ல.) ரோமர்கள் இதை நினைவில் வைத்திருந்தார்கள். கி.மு. 190-இல் மக்னீசியாவில் எதிரே அதே ஆன்டியோக்கஸின் 54 இந்திய யானைகள் நின்றபோது, தங்கள் 16 ஆப்பிரிக்க யானைகளைப் படைக்குப் பின்னால் நிறுத்தி வைத்தார்கள்.

அறிகுறி: மிரண்ட யானை எதிரியை மிதிக்கும் முன்பே விழுந்துவிடுகிறது

எதிரி திருத்தம் செய்துவிட்டார். ஹானிபலின் தம்பி ஹஸ்ட்ரூபாலின் பாகர்களிடம் உளியும் சுத்தியும் இருந்தன. யானை கட்டுமீறி சொந்தப் படை பக்கம் திரும்பினால், காதுகளுக்கு நடுவே, தலை கழுத்தோடு சேரும் மூட்டில் உளியை வைத்து ஓங்கி ஒரே அடி. கி.மு. 207-இல் மெட்டாரஸ் போரில் ரோமர்கள் கொன்ற யானைகளைவிடச் சொந்தப் பாகர்கள் கொன்றவையே அதிகம் என்கிறது ரோமர் தரப்பு வரலாறு. 500 ஆண்டுகளுக்கும் மேலாகிய பிறகும், கி.பி. 363-இல் ரோமப் பேரரசர் ஜூலியனை எதிர்த்த பாரசீகப் பாகர்கள் வலது கையில் நீண்ட கத்தியைக் கட்டிக்கொண்டு வந்தார்கள், இதே காரணத்துக்காக. இதற்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: மேலே சொன்னபடி, பாகனை முதலில்.

எல்லாம் முடிந்து யானைகள் கையில் இருந்தால்

பாகனில்லாத யானையை உங்கள் வீரர்கள் அதட்டி அடக்க முடியாது. பனோர்மஸில் 100-க்கு மேற்பட்ட யானைகள் சிக்கியபோது மெட்டல்லஸ், பிடிபட்ட எதிரி ஆட்களுக்கே உயிருக்கு உறுதி கொடுத்து அவற்றை அடக்க வைத்தார். சிசிலிக்கும் இத்தாலிக்கும் நடுவே கடல். காலி ஜாடிகளை வரிசையாகக் கட்டி, மேலே பலகை பரப்பித் தெப்பமாக்கி யானைகளை ஏற்றிக் கொண்டுபோனார்கள். ரோமில் அவற்றை என்ன செய்வதென்று தெரியவில்லை. கொன்றுவிட்டார்கள் என்று ஒரு கதை. இன்னொரு கதைப்படி, பந்தயத் திடலில் விட்டு, முனை மழுங்கிய ஈட்டி பிடித்த கூலியாட்களை வைத்து, சுற்றிச் சுற்றி விரட்டினார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ரெகுலஸின் படையை மிதித்த மிருகத்தை ஊர் உட்கார்ந்து பார்த்துச் சிரிக்கட்டும் என்று. மெட்டல்லஸ் குடும்பத்தார் பின்னாளில் அடித்த காசுகளில் யானைத் தலை இருக்கும்.